ஆந்தை அண்ணன் தூக்கிய கை

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணு. எனக்கு உரக்கப் பேசி வழக்கமில்லை. பிள்ளைகளைத் தூங்க வைத்துப் பழகிய குரல், அடங்கித்தான் வரும். உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். முழுசாகச் சொல்கிறேன், ஒன்றையும் ஒளிக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டதில் எனக்குப் பிடித்தது முதல் கேள்விதான். வழக்கில் சேராத கேள்வி. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டீர்கள்: “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கும்மா. கையிலயே கேம் இருக்கு, விளையாட மாட்டா. எவனோ விளையாடுறதை வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்ப்பா. சோறு ஆறி அவலாப் போகும். அதுல அப்படி என்னதான்மா இருக்கு?”

உங்களுடைய மற்ற கேள்விகளுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தவள். பெற்றவர்கள் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போவார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு. படிப்பு எனக்கு ஏறவில்லை. கதை மட்டும் வரும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அழுகிற முகத்தைப் பார்த்தால் தானாக வாயில் வந்து நிற்கும். இன்னொரு வித்தையும் தெரியும். ‘நீ சாப்பிடு’ என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன். ‘நாம சாப்பிடலாமா’ என்பேன். ‘நாம தூங்கலாமா’ என்பேன். எவ்வளவு அடம் பிடிக்கிற பிள்ளையும் வழிக்கு வந்துவிடும்.

புதிதாக வந்த ஆயா ஒருத்தி, “நாங்கல்லாம் சாப்ட்டாச்சு, நீ மட்டுந்தான் பாக்கி” என்று ஒரு பிள்ளையிடம் சொன்னாள். அது அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவளுக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ‘நாங்க’ என்றால் நீ அதில் இல்லை. பால்பல் விழாத பிள்ளைக்கும் அது தெரியும். இலக்கணம் படித்தா தெரிய வேண்டும்? வெளியே நிற்பவனுக்குக் கதவு சாத்துகிற சத்தம் கேட்காதா?

பிறகு காப்பகத்தில் பெரிய திரை ஒன்றை வாங்கி மாட்டினார்கள். கதையெல்லாம் அதில் வந்தது. என்னைத் துணி மடிக்கச் சொன்னார்கள். மடித்தேன். ஒருநாள் அதுவும் வேண்டாமென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். யார் மேலும் எனக்கு வருத்தம் கிடையாது.

வீட்டில் என் மகன் இருந்தான். ஒற்றைப் பிள்ளை, தகப்பன் முகம் அறியாதவன். நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். முன்னறையில் உட்கார்ந்து கேம் விளையாடுவான். அதை இணையத்தில் நேரலையாகப் பிள்ளைகள் பார்க்கும். அதுதான் அவனுடைய வேலை. வட்டக் கண்ணாடி போட்டிருப்பான், பிள்ளைகள் அவனுக்கு ஆந்தை அண்ணன் என்று பேர் வைத்துவிட்டன. திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவன் முகம் தெரியும். பக்கத்தில் பிள்ளைகள் எழுதுகிற வரிகள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கும்.

முதல்முறை கேட்டபோது நான் அடுப்பங்கரையில் இருந்தேன். “வாங்க வாங்க, எல்லாரும் கிட்ட வாங்க. நாம இன்னிக்கு எங்க போகப் போறோம் தெரியுமா?” கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அது என் வாய், கண்ணு. என் மடியில் படுத்துக்கொண்டு அவன் கேட்ட வாய். என் இழுப்பு, என் நிறுத்தல், கடைசியில் குரலைத் தாழ்த்துகிற அந்த இடம் உட்பட. எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து அறைவாசலில் நின்று பார்க்க ஆரம்பித்தேன். கேமராவில் விழாத ஒரு இடம் உண்டு, கதவுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில். அங்கே நின்று நானும் உங்கள் பெண்ணைப் போலத்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

தானே விளையாடினால் விழுகிறது யார்? அந்தப் பிள்ளைதான். பள்ளிக்கூடத்தில் விழுந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுகையில் விழுந்து, சாயங்காலம் ஆறுதலுக்கு உட்கார்ந்த இடத்திலும் விழ வேண்டுமா? அடுத்தவன் விளையாடினால் அந்தத் தொல்லை இல்லை. விழுந்தால் அவன் விழுகிறான். ஜெயித்தால் நாம ஜெயிக்கிறோம். இன்னொன்றும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் ஆளுக்கொரு வேலையாக இருப்பார்கள். ஏதாவது கேட்டால் ‘இரு, வர்றேன்’ என்பார்கள். திரையில் இருப்பவன் அப்படிச் சொல்ல மாட்டான். பிள்ளைகள் பார்ப்பது கேமை இல்லை, கண்ணு. யாரோ ஒருவர் எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கின்றன. உங்கள் பெண்ணைத் திட்டாதீர்கள்.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், நாக்கு குழறும். உடனே இனிப்பாக எதையாவது குடித்தால் சரியாகிவிடுவான். நேரலையில் இருக்கும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு என்னைக் கூப்பிட முடியாது. அதற்காக எங்களுக்குள் ஒரு ஜாடை. இடது கையைத் தலைக்குப் பக்கத்தில் தூக்குவான். பிள்ளைகளுக்குத் தலை சொறிகிற மாதிரி இருக்கும். நான் ஜூஸ் தம்ளரைக் கேமராவில் படாமல் மேசை ஓரத்தில் வைப்பேன். பழக்கத்தில் அவன் கை தூக்குவதற்கு முன்பே நான் எழுந்துவிடுவேன். அவ்வளவு கவனமாக இருந்தேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், எல்லாரும் சொல்வார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பள்ளி விடுமுறை. மதியம். குகைக்குள்ளே ஒரு சின்னப் பையன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிற கேம். கடைசிக் கதவு திறக்காமல் பல நாளாக இழுத்துக்கொண்டிருந்தது, அன்று திறந்துவிடும் என்று பிள்ளைகள் குவிந்திருந்தன. தம்பி ஊசி போட்டுக்கொண்டான். நான் பிசைந்து வைத்த தட்டு பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. கதவுக்கு முன்னால் கல் கல்லாகத் தாண்ட வேண்டும். அவன் தப்பான கல்லிலேயே குதித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

“இடது பக்கம்டா தம்பி. இடது பக்கத்துக் கல்லு” என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளுக்குக் கேட்டுவிட்டது. வரிகள் ஓடின. யார் அண்ணா அது? ஆந்தைக்கு அம்மா இருக்காங்களா? அம்மாவைக் காட்டுங்க. ஆந்தையம்மா, நீங்க வந்து விளையாடுங்க. நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அவ்வளவுதான். தம்பி சிரித்துக்கொண்டே மைக்கை அணைத்தான். திரும்பினபோது சிரிப்பு இல்லை.

“அம்மா, நாங்க விளையாடிட்டு இருக்கோம்ல. நீ உள்ள போயேன்.”

நாங்க.

என் வாயை எடுத்துக்கொண்டவன். ஊர்ப்பிள்ளைகளையெல்லாம் ‘நாம’ என்று கூட்டி உட்கார வைத்தவன். “சரிப்பா” என்றேன். உள்ளே போனேன். அவன் மைக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி பேசுவது கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். இடது கையைத் தூக்கியிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜூஸை ஊற்றினேன். எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்து நின்றேன். நின்றுகொண்டிருந்தேன். கை ஒருமுறை இறங்கி, மறுபடி உயர்ந்தது. உள்ளே போ என்று சொல்லியிருந்தான் அல்லவா? சொன்ன சொல்லை மீறக் கூடாது என்று நினைத்தேன். அவன் திரும்பி ‘அம்மா’ என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் கொடுத்திருப்பேன். வாயைத் திறந்தான். நாக்கு குழறியது. பிள்ளைகள், அண்ணன் வேடிக்கைக் குரலில் பேசுகிறார் என்று சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பின. பிறகு நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, தரையில் விழுந்தான்.

சின்னக் கட்டம் காலியாகிவிட்டது.

திரையில் அந்தக் குகைப் பையன் கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தான். யாரும் தொடாவிட்டாலும் அவன் சும்மா இருப்பதில்லை. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். மூச்சு விடுவான், கால் மாற்றுவான், இப்படியும் அப்படியும் பார்ப்பான். கொஞ்சம் காத்திருந்துவிட்டு இடது கையைத் தூக்கித் தலையைச் சொறிவான்.

பிள்ளைகள் பயந்துவிட்டன. அண்ணா எங்கே? அண்ணா விழுந்துட்டாரா? அண்ணா, ஏதாவது பேசுங்க. அழுகிற முகங்களாக வந்து விழுந்தன. நீங்களே சொல்லுங்கள், கண்ணு, அத்தனை பிள்ளைகளை அழ விட்டுவிட்டு நகர்ந்து போக முடியுமா? நான் ஒரு ஆயா. தம்ளரை மேசையில் வைத்தேன். மைக் வைத்த காதுக்கருவி அவனோடு விழாமல் நாற்காலிக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னும் சூடாக இருந்தது. மாட்டிக்கொண்டேன். உட்கார்ந்தேன்.

“வாங்க வாங்க, எல்லாரும் கிட்ட வாங்க. அண்ணன் ஒளிஞ்சு விளையாடப் போயிட்டான். அவன் வர்றதுக்குள்ள நாம இந்தக் கதவைத் திறந்துடலாமா?”

எத்தனை காலத்துக்கு அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னேன் தெரியுமா? வரிகள் பொங்கிக்கொண்டு வந்தன. திறக்கலாம், திறக்கலாம் ஆந்தையம்மா. நான் அதற்கு முன் ஒருநாளும் விளையாடியதில்லை. பார்த்துப் பார்த்தே விரல்களுக்குத் தெரிந்திருந்தது. இடது பக்கத்துக் கல்லில் குதித்தேன். சரியாக நின்றது.

வெள்ளரிக்காய் என்று பேர் போட்டுக்கொண்ட ஒரு பிள்ளை எழுதியது: அம்மா, கீழே ஒரு கை தெரியுதே.

“தெரியுதா? அண்ணனுக்கு ஒளியவே தெரியல பாரு” என்றேன்.

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. அண்ணா, கையை உள்ள இழுங்க, மாட்டிக்கப் போறீங்க என்று அவனுக்கு யோசனை சொல்லின. நான் காலால் அந்தக் கையை மேசைக்கடியில் தள்ளினேன். தள்ளும்போது விரல்கள் என் பாதத்தைப் பிடித்தன. இறுக்கமாக இல்லை. தூக்கத்தில் பிள்ளைகள் புடவையைப் பிடிக்குமே, அது மாதிரி. நான் காலை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

தாண்ட வேண்டிய கற்கள் நிறைய இருந்தன. அவசரப்பட்டால் பிள்ளைகளுக்குச் சுவை இருக்காது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை சொன்னேன். இடையில் பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. மேசையில் அந்த ஜூஸ் இருந்தது. குடித்தேன்.

கதவு திறந்தது. பிள்ளைகள் அனுப்பிய பூவும் பட்டாசும் திரை முழுக்க நிறைந்தன. எல்லாரையும் வாழ்த்தி அனுப்பிவிட்டு, கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கீழே குனிந்தேன். பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுக்காரர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கை நடுங்கினப்பவே ஒரு வாய் ஏதாவது குடிச்சிருந்தா போதும்மா. விழுந்ததுமே கூப்பிட்டிருந்தாக்கூட… நீங்க பக்கத்துல இல்லையா?”

“அடுப்பங்கரையில இருந்தேன்” என்றேன். அது பொய். திருத்திக்கொள்கிறேன்.

அவனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று சாயங்காலமே மறுபடி உட்கார்ந்தேன். அதைத்தான் நீங்கள் எல்லாரும் பெரிதாகக் கேட்கிறீர்கள். பிள்ளைகள் காத்திருக்குமே. அதோடு, விளையாட்டை நிறுத்த எனக்குப் பயமாக இருந்தது. நான் கையை எடுத்தால் குகைப் பையன் நின்றுவிடுகிறான். மூச்சு விடுகிறான். கொஞ்சம் காத்திருக்கிறான். பிறகு இடது கையைத் தூக்குகிறான். நான் ஜூஸ் தம்ளரைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கையை இறக்கினான், மறுபடி தூக்கினான். ஓட வைத்துக்கொண்டே இருந்தால்தான் தூக்காமல் இருக்கிறான். அதனால் ஓட வைத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் ஆட்கள் வந்து மின்சாரத்தைப் பிடுங்கும்வரை. பிடுங்கினதும் அவன் எங்கே போயிருப்பான் என்று தெரியவில்லை. இந்த அறையில் நாம பேச்சை நிறுத்துகிறபோதெல்லாம் அந்தச் சுவரோரம் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்னால்.

வெள்ளரிக்காய் தன் அப்பாவிடம், அந்தக் கை தானாக உள்ளே போகவில்லை, ஒரு கால்தான் தள்ளியது என்று சொல்லியிருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை. அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதுகிறவர் சற்று முன் என்னைத் திருத்தினார். “‘நாம’ன்னு சொல்லாதீங்கம்மா. ‘நான்’னு சொல்லுங்க. வாக்குமூலத்துல அப்படித்தான் வரணும்.” நியாயம்தான். சொல்லிப் பார்க்கிறேன். கை தூக்கியதை நான் பார்த்தேன். ஜூஸை நான் கொடுக்கவில்லை. விழுந்த பிறகும் நான் யாரையும் கூப்பிடவில்லை. என் மகனை நான் சாக விட்டேன்.

பார்த்தீர்களா, வாய்க்குப் பொருந்தவில்லை. பழக்கமில்லாத வார்த்தை. அந்த மதியத்தை நினைத்தால் எனக்கு வருவது வேறு: விழுந்தது அவன். ஜெயித்தது நாம.

நேரமாகிவிட்டது, நீங்கள் வீட்டுக்குப் போங்கள், கண்ணு. பெண் காத்திருப்பாள். போனதும் அவளோடு உட்கார்ந்து அவள் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். ஆந்தையம்மா கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கட்டும். பிள்ளைச் சத்தம் ஓயாமல் இருக்கட்டும். அங்கே யார் கை தூக்கினாலும், பார்த்துக்கொள்ள என்னைப் போல ஒருத்தி பக்கத்திலேயே இருக்கட்டும்.