மூணுக்கு அப்புறம்

— இதென்னடி ராசாத்தி, நாய்க்கு மூணே காலு? இன்னொண்ணை எலி தின்னுடுச்சா?

— அவ்வளவுதான் அத்தை. ஒண்ணு, ரெண்டு, மூணு. போதும்.

— மூணு காலோட நின்னா பொத்துனு விழுந்துடாதா?

— விழாது. அதான் சுவத்தோரமா வரைஞ்சேன். சுவத்துல சாஞ்சுக்கும்.

— பாத்தியாம்மா உன் பொண்ணு சாமர்த்தியத்தை! இது யாரு பக்கத்துல, மாடா? இதுக்கும் மூணு. மேசைக்கும் மூணு. ஏம்மா, இவ வரையற ஊர்ல எல்லாமே நொண்டியா?

— சின்னப் புள்ளை அண்ணி. கை போன போக்குல வரையறா. அந்தச் சட்டைக் கட்டைத் தள்ளிட்டு உக்காருங்க. பாத்து, ஊசி கிடக்கும்.

— உக்காரத்தான் வந்தேன். பதில் வாங்காம எந்திரிக்க மாட்டேன். சாயந்திரம் வரைக்கும்தான் எங்க ஸ்கூல்ல டீச்சரம்மா இவளுக்கு இடத்தைப் பிடிச்சு வெச்சிருப்பாங்க. பீஸு கிடையாது, யூனிபார்ம் கிடையாது. கூட்டித் துடைக்கிற ஆயா கேட்டாளேன்னு யாரு இப்படித் தூக்கிக் கொடுப்பா?

— நான் கேக்கலையே அண்ணி.

— நீ எங்க கேப்பே? உனக்குத்தான் வீடே பள்ளிக்கூடமாச்சே.

— ஆமா. வீட்டுலயே நல்லாத்தான் படிக்கிறா. கண்ணு, அத்தைக்குப் பெட்டியை எடுத்துக் காட்டு.

— இதுதான் அத்தை எங்க ஸ்கூல். அம்மாவுக்குச் சட்டை வருமே, அந்த அட்டைப்பெட்டி. இதெல்லாம் பாட்டில் மூடி. ஒவ்வொரு மூடிலயும் ஒரு எழுத்து. சேத்து வெச்சா பேரு வரும். இது மணல் தட்டு. விரலால எழுதிட்டு இப்படி ஆட்டுனா அழிஞ்சுடும். ரப்பரே வேண்டாம்!

— அடேயப்பா! இவ்வளவு மூடி ஏதுடி?

— கடை வாசல்ல பொறுக்கினோம். அம்மா பொறுக்குனா. நான் சோப்புப் போட்டுக் கழுவுனேன். நானே!

— ஹேங்கர்ல ரெண்டு டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கே, அது எதுக்கு?

— அது தராசு. இந்தப் பக்கம் கத்திரிக்கோலு, அந்தப் பக்கம் நூல்கண்டு. எது குண்டுன்னு கண்டுபிடிக்கணும். கத்திரிக்கோலு எப்பவும் ஜெயிச்சுடும் அத்தை, அதோட ஆடவே கூடாது.

— சரிடி. பாட்டெல்லாம் உண்டா உங்க ஸ்கூல்ல?

— முதல் பாடமே பாட்டுதான். காலைல ஜன்னலைச் சாத்திட்டு ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பாடணும். வேன் ஹாரன் அடிச்சுட்டுப் போற வரைக்கும். போனதும் நிறுத்திடலாம்.

— என்னம்மா சொல்றா இவ?

— ஒண்ணுமில்ல அண்ணி. அந்த நேரத்துல தெருவுல சத்தம் ஜாஸ்தி. அதுக்குத்தான்.

— ம்ம். நீ புத்திசாலிதான், நான் இல்லேங்கலை. எங்க டீச்சரம்மா இந்தப் பெட்டியைப் பாத்தா மூக்குல விரல் வெச்சுடுவாங்க. ஆனா புள்ளைன்னா நாலு புள்ளைங்களோட சேர்ந்து...

— அண்ணி.

— என்ன?

— பல புள்ளைங்கன்னு சொல்லுங்க.

— எல்லாம் ஒண்ணுதானே?

— ஒண்ணு இல்ல.

— சரி தாயே, பல புள்ளைங்க. பல புள்ளைங்களோட அடிச்சுப் பிடிச்சு வளந்தாத்தானே வாயும் கையும் வரும்? சேர்க்கும்போது டீச்சரம்மா சும்மா கொஞ்சம் எண்ணச் சொல்லுவாங்க. ராசாத்தி, அந்தப் பட்டன் டப்பாவைக் கொண்டா. அத்தைகிட்ட ஒரு தடவை எண்ணிக் காட்டு.

— இப்ப வேண்டாம் அண்ணி. பாவம், காலைலேர்ந்து படிச்சுட்டே இருக்கா.

— பட்டன் எண்ணுறதுக்கு என்ன பாவம்? எண்ணுடி.

— ஒண்ணு. ரெண்டு. மூணு. அஞ்சு. ஆறு. ஏழு.

— இரு இரு. குதிரை மாதிரி ஓடாதே, நடுவுல ஒண்ணை விட்டுட்டே. மெதுவா.

— ஒண்ணு... ரெண்டு... மூணு... அஞ்சு.

— மூணுக்கு அப்புறம் என்ன?

— அம்மா, நான் தண்ணி குடிச்சுட்டு வரட்டா?

— போ கண்ணு. குடிச்சுட்டு அங்கேயே உக்காந்து மூடியெல்லாம் கலர் கலரா அடுக்கு. அம்மா கூப்பிடறேன்.

— எங்கேயோ இடிக்குதேம்மா. பேரையே கூட்டிப் படிக்கிறவளுக்கு நாலு வரலையே.

— வரலைன்னு இல்ல. நான் சொல்லிக்கொடுக்கலை.

— என்னது?

— மெதுவாப் பேசுங்க. அவளுக்குக் கேக்கும்.

— ஏய், இந்தத் தையல் டேப்பு... மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல கறுப்புத் துணி வெச்சுத் தெச்சிருக்கே!

— அது அவ படிக்கிற டேப்பு. வேலைக்கு வேற வெச்சிருக்கேன்.

— அந்தக் காலண்டர்ல? நாலாந்தேதி மேல மை அப்பியிருக்கே! அப்ப அந்த நாயி... மாடு... கடவுளே, கடவுளே. ஒருத்தரும் கேக்கலையா உன்னை? என் தம்பி கண்ணுல இது படலையா?

— அவருக்கு எப்பவும் நைட் ஷிப்ட்டு. வந்தா தூங்குவார், எந்திரிச்சா போவார். காலண்டரைப் பாத்தார். சட்டையை மாட்டிட்டு வெளியே போய்ட்டார்.

— ஏம்மா, எதுக்கு இப்படி? பைத்தியம் கியித்தியம் பிடிச்சுடுச்சா உனக்கு?

— பிடிச்சிருக்கலாம் அண்ணி. யாரு கண்டா? நான் திட்டம் போட்டுச் செய்யலை. முதல் நாள் பட்டனைக் கொட்டி, எண்ணச் சொல்லிக்கொடுக்கலாம்னு உக்காந்தேன். ஒண்ணுன்னேன். ரெண்டுன்னேன். மூணுன்னேன். அதுக்கு மேல வாய் வரலை. காதுல வேன் கதவைப் படார்னு சாத்துற சத்தம்தான் கேக்குது. அஞ்சுன்னு சொல்லிட்டேன். அவளும் அஞ்சுன்னா. அப்படியே போய்டுச்சு.

— பெரியவனை நினைச்சுத்தானா இவ்வளவும்?

— வேற யாரை நினைப்பேன்?

— ஆறலையாம்மா உனக்கு இன்னும்?

— உங்களுக்கு ஆறிடுச்சா?

— இல்ல. எனக்கும் ஆறலை.

— இவ அப்ப என் வயித்துல. குனிய முடியலைன்னு அவனை ஷூ நீயே போட்டுக்கடான்னு அதட்டினேன். மாத்திப் போட்டுட்டான். வேன்ல அவனுக்கு முன்னாடி மூணு புள்ளைங்க ஏறிடுச்சு. இவன்தான் கடைசி. நான்தான் அக்குள்ல கை கொடுத்துத் தூக்கி உள்ள விட்டேன். பின் சீட்டுக்கு ஓடிப் போய்க் கண்ணாடி வழியாக் கை ஆட்டினான். அங்க போய் வேன்காரன் மூணு பேரை இறக்கிவிட்டான், கதவைச் சாத்தினான், வெயில்ல வண்டியைப் போட்டுட்டுப் போய்ட்டான். பின்னாடி ஒருத்தன் தூங்கறான்னு திரும்பிக்கூடப் பாக்கலை.

— வேண்டாம். விடும்மா.

— விசாரிக்க வந்தவங்ககிட்ட அவன் என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா? "எண்ணித்தான் சார் இறக்கினேன்"னான்.

— ஞாபகம் இருக்கு. நானும் அங்கதானே நின்னேன்.

— அதனாலதான் இவளுக்கு அண்ணன்னு ஒருத்தன் இருந்ததே தெரியாது. போட்டோ, சட்டை, பந்து, எல்லாத்தையும் உங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன். யாரும் இவகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு உங்ககிட்ட சத்தியம் வாங்கினேன்.

— நானும் விடலை. பரண்ல வெச்சிருக்கேன். ஒட்டடை அடிக்கிற சாக்குல ஏறிப் பாத்துட்டு இறங்குவேன். உன்கிட்ட சொன்னதில்ல.

— நீங்க அவ்வளவாவது பாக்கறீங்க.

— கேளும்மா. இது வேன் இல்ல. ரெண்டு தெரு. என் விரலைப் பிடிச்சுட்டு நடந்து வருவா, நடந்தே திரும்புவா. நாள் பூரா நான் அங்கதான் கிடக்கேன்.

— நீங்க அந்தப் பக்கம் துடைக்கப் போனா? கண்ணு ஒரு நிமிஷம் அப்படித் திரும்பினா?

— திரும்பாது.

— எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அண்ணி.

— நான் எல்லாரும் இல்ல. சாயந்திரம் எல்லாப் புள்ளைங்களும் போனப்புறம் நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? பூட்டு போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமாப் போவேன். பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு பாப்பேன். பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி பாப்பேன். அலமாரியைக் கூடத் திறந்து பாப்பேன். "என்ன ஆயா, ஏதாவது தொலைச்சுட்டீங்களா?"ன்னு டீச்சரம்மா சிரிப்பாங்க. ஆமாம்மா, தொலைச்சுட்டேன்னு நானும் சிரிப்பேன். யாரைத் தேடறேன்னு நினைக்கிறே?

— அண்ணி...

— இன்னொண்ணு சொல்றேன். கோவம் வரும். வந்தா வரட்டும். அன்னிக்கு அந்தப் பாவி என்ன பண்ணினான்? மூணு வரைக்கும் எண்ணினான், அதுக்கு மேல இருந்த புள்ளையை விட்டுட்டான். நீ தினமும் இவளை உக்கார வெச்சு என்ன சொல்லிக்கொடுக்கறே? மூணு வரைக்கும் எண்ணு, அதுக்கு மேல இருக்கறதை விட்டுடுன்னு.

— அண்ணி! வாயைக் கழுவுங்க!

— அடிக்கணும்னா அடி. இந்தா கன்னம். ஆனா நான் சொன்னது பொய்யா? அவன் பாக்காம விட்டான். நீ தெரிஞ்சே விடறே. தினமும் காலைல எங்க புள்ளையை அதே வேன்ல வெச்சுக் கதவைச் சாத்தறே.

— ஐயோ.

— அழுதுடு. அழுதா பரவாயில்ல. முந்தானையை வாயில திணிக்காதே, அழு.

— நான் அப்படி நினைக்கவே இல்ல அண்ணி. இவளைக் காப்பாத்தறேன்னுதான் நினைச்சேன். இவ வாயில அது வராம இருந்தா, அது இந்த வாசப்படி தாண்டாதுன்னு...

— அது வெறும் எண்ணும்மா. பேயில்ல.

— எனக்குப் பேய்தான். அடுப்புல நாலு பக்கமும் தீ எரியுதுன்னு யாராவது சொன்னாக் கூட எனக்கு அவன் மூஞ்சிதான்... பாத்தீங்களா, சொல்லிட்டேன். என் வாயாலேயே சொல்லிட்டேன்.

— சொல்லிட்டே. கூரை இடிஞ்சா விழுந்துச்சு? இப்ப அவகிட்ட சொல்லு. பள்ளிக்கூடத்துல வேற யாரோ சொல்லி அவ கத்துக்க வேண்டாம். நீ தொடங்கின பாடம், நீயே முடி.

— முடிச்சா? அனுப்பியே ஆகணுமா?

— முதல்ல முடி. அப்புறமும் வேண்டாம்னா, நானே டீச்சரம்மாகிட்ட இடத்தை வேற புள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிடறேன். இனிமே இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்.

— கண்ணு! இங்க வா.

— வந்துட்டேம்மா. பச்சை மூடிதான் ஜாஸ்தி. ஏம்மா உன் கண்ணு செவப்பா இருக்கு? அத்தை திட்டுனாங்களா?

— இல்லடா. தூசி. பட்டன் டப்பாவை எடு. அம்மா உனக்கு ஒண்ணு சொல்லிக்கொடுக்காம விட்டுட்டேன். அம்மா மேலதான் தப்பு. இப்ப சொல்லித் தர்றேன்.

— நாளைக்குச் சொல்லிக்கொடேன்.

— இல்ல, இப்பவே. வை, ஒவ்வொண்ணா வை. நானும் கூட எண்ணுறேன்.

— ஒண்ணு. ரெண்டு. மூணு.

— மூணு. அதுக்கு அப்புறம்... அண்ணி, நீங்க சொல்லுங்களேன்.

— மாட்டேன். டீச்சர் நீதான்.

— மூணுக்கு அப்புறம்... நா... நாலு. நாலு கண்ணு. இந்தா, இந்தப் பட்டன். இதுதான் நாலு. சொல்லு.

— வேண்டாம்மா.

— ஏன்? கஷ்டமா இருக்கா?

— இல்ல. அது எனக்குத் தெரியும்.

— தெரியுமா? யாரு சொன்னா? அண்ணி, நீங்களா?

— என் கண்ணாணை நான் இல்லம்மா! ராசாத்தி, யாருடி உனக்குச் சொல்லிக்கொடுத்தா? அப்பாவா?

— அப்பா இல்ல. அம்மாதான்.

— நானா? நான் எப்படிடா? ஒரு நாள் கூட அதை நான் உன்கிட்ட...

— நான் சொன்னா நீ தேட ஆரம்பிச்சுடுவேம்மா. அதான் விட்டுட்டு எண்ணுறேன்.

— எதைடா தேடுவேன்?

— ராத்திரி தூக்கத்துல "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எங்கே, நாலு எங்கே, கதவைத் திறங்க"ன்னு பாயெல்லாம் தடவித் தடவித் தேடுவியே அம்மா, நான் உன் கையைப் பிடிச்சு, "நாலு இங்கதாம்மா இருக்கேன், கதவைத் திறந்துட்டாங்க, வந்துட்டேன்"னு சொன்னப்புறம்தானே நீ தூங்கறே.