மேல்மாடி சூடான விதம்

உங்கள் நிறுவனத்தின் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்த வீடு வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது இந்த மின்சாரச் சிக்கன ஆய்வைச் செய்துகொள்ள வேண்டும். என் வீட்டைப் பற்றி அத்தனை உபயோகமான விஷயங்களை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதைக் கட்டிய கொத்தனார் உட்பட.

மேலாளரான நீங்களே நேரில் வந்திருக்கிறீர்கள். என் மகள் புகார் கொடுத்தாள், பிறகு அவளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள், காரணம் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் அந்த ஆய்வாளர் பெண்ணை மறுபடி வேலைக்கு எடுக்க முடியாது என்கிறீர்கள். நியாயம். காரணம் நான்தான். தண்ணீர் குடியுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

கீழே நான் ஒருவன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பெயிண்ட் கடை வைத்திருந்தேன், அதையும் கைமாற்றிவிட்டேன். மாடியில் என் ஒரே மகளும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அவரிடம் இருக்கும் குறை. சமைப்பார், துவைப்பார், என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் யாரிடம் போய்ப் புலம்புவது?

மகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. கோடைக்காலத்தில் பகல் பதினோரு மணிக்கெல்லாம் மாடி கொதிக்கும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிடுவாள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் சோபாவில்தான் காலை மடக்கி உட்காருவாள். அவள் பாட்டுக்கு வேலை செய்வாள், நான் பாட்டுக்குப் பேப்பர் படிப்பேன். நடுநடுவே தன் மேலதிகாரி போலப் பேசிக் காட்டுவாள். எனக்கு வயிறு வலிக்கும், அப்படிச் சிரிப்பேன். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இந்த அளவு கிடைத்தாலே பெரிய பாக்கியம்.

மாடியில் ஏசி ஓடி ஓடி மின்கட்டணம் ஏறியதால், மாப்பிள்ளை உங்கள் ஆய்வாளர் பெண்ணைக் கூட்டிவந்தார். கெட்டிக்காரப் பெண். சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவால் சுவர்களைக் காட்டினாள். மேல்தளம் முழுக்க ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது.

"பாருங்க சார், வெயில் பூரா மொட்டைமாடி வழியாத்தான் இறங்குது. மேல வெள்ளைப் பூச்சு அடிச்சிடுங்க. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல தடுப்புப் பலகை வைங்க. வென்டிலேட்டரைத் திறந்து வச்சா சூடான காத்து தானா வெளிய போயிடும். மேற்கு ஜன்னலுக்கு ஒரு மறைப்பு. இவ்வளவுதான்."

எது செய்தால் எவ்வளவு சூடு குறையும் என்று தனித்தனியாக எழுதியும் கொடுத்தாள். மாப்பிள்ளை ஒன்று விடாமல் செய்தார். பூச்சை நானே மலிவு விலையில் வாங்கிக் கொடுத்தேன், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுபோல.

மாடி ஜில்லென்று ஆகிவிட்டது. மகள் கீழே வருவது நின்றுபோனது.

அவள் மேல் தப்பில்லை. மேலே சௌகரியமாக இருக்கும்போது ஒருத்தி ஏன் இறங்கி வரப்போகிறாள்? போகிற போக்கில் ஜன்னல் வழியாக, "அப்பா, சாப்டீங்களா?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. மாடிப்படி என் வீட்டு வாசலிலேயேதான் இருக்கிறது, ஆனால் விசா வாங்கிக்கொண்டு ஏற வேண்டும்போல் ஒரு கூச்சம்.

அப்போதுதான் அந்தப் பெண் எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரு வீட்டை எப்படிக் குளிர்விப்பது என்று தெளிவாக எழுதினால், எப்படிச் சுடவைப்பது என்பதும் அதிலேயே இருக்கிறது. கடைசியிலிருந்து படிக்க வேண்டும், அவ்வளவே.

மேற்கு ஜன்னல் மறைப்பைக் கழற்றுவதிலிருந்து ஆரம்பித்தேன். காற்றில் பிய்ந்துவிட்டது என்று சொன்னேன். வென்டிலேட்டரை வெளிப்பக்கம் ஒரு பலகையால் மூடி, சுவரின் நிறத்திலேயே பூசினேன். நாற்பது வருடம் நிறம் கலந்தவன், எது சுவர், எது பலகை என்று எனக்கே தடவிப் பார்த்தால்தான் தெரியும். மொட்டைமாடியை ஒரே நாளில் கறுப்பாக்கினால் காக்காய்க்குக்கூடச் சந்தேகம் வரும். அதனால் அவர்கள் வெளியே போகும் நாட்களில் சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பார்ப்பவர்களுக்குத் தூசி படிந்ததுபோல்தான் இருக்கும். தடுப்புப் பலகைகளைக் கழற்றியதுதான் முதுகை ஒடித்துவிட்டது. இந்த வயதில் ஏணி ஏறுவது சுலபமில்லை.

பலன் கைமேல் கிடைத்தது. ஒருநாள் மகள் மடிக்கணினியோடு வாசலில் நின்றாள்.

"என்னன்னே தெரியலப்பா, மேல அடுப்புக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு."

"அந்தப் பூச்செல்லாம் கொஞ்ச நாளைக்குத்தாம்மா. நீ வந்து உக்காரு."

அந்த மூன்று வாரங்கள் நான் எவ்வளவு நன்றாக இருந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். மாத்திரைகூட இல்லாமல் ரத்த அழுத்தம் சீராகிவிட்டது.

பிறகு மாப்பிள்ளைக்கும் வீட்டிலிருந்து வேலை என்று ஆக்கிவிட்டார்கள். அவரும் கணினியோடு இறங்கி வந்துவிட்டார். போனில் சத்தமாகப் பேசுவார். ஒவ்வொரு முறையும் "சாரி மாமா" என்பார், அதுவும் சத்தமாக. மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், மேலதிகாரி போல அவருக்குப் பேசிக் காட்டினாள். நான் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாப்பிள்ளை, எனக்கு மத்தியானம் செத்த கண்ணயர்ந்தாத்தான் உடம்பு தாங்கும்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

"அய்யோ, சாரி மாமா. நான் மேலயே சமாளிச்சுக்கிறேன். அவ மட்டும் இருக்கட்டும்" என்று போய்விட்டார். பண்பான மனிதர் என்றேனே.

அந்த வாரம்தான் மாடி ஏசி ஓய்ந்துபோனது. பழுது பார்க்கும் மெக்கானிக் என் பழைய வாடிக்கையாளர். போன் செய்து, அவசரமில்லை, மற்ற வேலைகளை முடித்துவிட்டு வரலாம் என்று சொன்னேன். அவருக்கும் கோடையில் நிறைய வேலை இருக்குமல்லவா.

ஒருநாள் முற்பகல் நானே மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வேலை செய்துகொண்டிருந்தார். முகம் கேமராவில் பார்த்த மேல்தளத்தின் நிறத்தில் இருந்தது. "பரவாயில்ல மாமா, பழகிடும்" என்றார். கைப்பிடிச் சுவரைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது. நான் இறங்கி வந்து, மாடிக் கதவைச் சாத்தினேன். சூடு கீழே வரக் கூடாது என்று உங்கள் பெண் சொல்லியிருந்தாள்.

மகள் ஏதோ சொல்லி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது மேலே தொப்பென்று சத்தம் கேட்டது. நாற்காலி விழுந்திருக்கும் என்று நான் சொன்னேன். அவள் நம்பினாள். சற்று நேரம் கழித்துத்தான் ஏறிப் போனாள்.

பிழைத்துக்கொண்டார். வெப்பத்தால் மயங்கி விழுந்ததில் மேசை முனை பட்டு நெற்றியில் தையல். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மகள் ஆத்திரத்தில் உங்களிடம் புகார் கொடுத்தாள், நீங்கள் அந்தப் பெண்ணை நிறுத்தினீர்கள்.

அந்தப் பெண் எனக்குப் போன் செய்து அழுதாள். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியல சார். உங்க மருமகனுக்கு இப்படி ஆயிடுச்சே. மன்னிச்சிடுங்க சார்."

"விடும்மா. யானைக்கும் அடி சறுக்கும்" என்று ஆறுதல் சொன்னேன். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் அல்லவா.

என்னைக் காட்டிக்கொடுத்தது சிக்கன புத்திதான். தடுப்புப் பலகைகள் நல்ல சரக்கு, தூக்கிப் போட மனம் வராமல் பழைய சாமான் அறையில் அடுக்கி வைத்திருந்தேன். பெட்டி எடுக்கப் போன மகள் பார்த்துவிட்டாள். பிறகு மொட்டைமாடிக்குப் போனாள். வென்டிலேட்டர் சுவரைத் தட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து என் எதிரில் நின்றாள்.

"ஏம்ப்பா?"

"நீ கீழ வரலயேம்மா."

சோபாவில் கிடந்த தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டாள். பிறகு, "ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனேப்பா" என்றாள்.

அதையும் யோசித்துப் பார்த்தேன். கூப்பிட்டு வருவது வேறு, தானாக வருவது வேறு. அவளுக்குக் குழந்தை பிறந்து, அதுவும் வளர்ந்து வேறு மாடிக்குப் போகும்போது புரியும்.

ஆக, பூச்சை மாற்றியது நான், பலகையைக் கழற்றியது நான், காற்றை அடைத்தது நான், மெக்கானிக்கை நிறுத்தியது நான், தெரிந்தே மாப்பிள்ளையை அங்கே அனுப்பியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பெண் சொன்ன ஒவ்வொன்றும் சரி. சரியாக இல்லாவிட்டால் இது இத்தனை கச்சிதமாக நடந்திருக்காது. நாளைக்கே அவளை வேலைக்குக் கூப்பிடுங்கள்.

அவர்கள் வாடகைக்கு வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். எந்தத் தெரு என்று இன்னும் எனக்குச் சொல்லவில்லை, வேலை மும்முரத்தில் மறந்திருப்பார்கள். அங்கேயும் உங்கள் ஆய்வு ஒன்று செய்துவிடுவது நல்லது. செலவு என்னுடையது. பெற்றவன் என்ற அக்கறைதான், வேறொன்றுமில்லை. முடிந்ததும் அறிக்கையின் ஒரு நகலை மட்டும், முகவரியோடு, எனக்கு அனுப்பிவையுங்கள்.