சொன்ன தேதி

நான் ஊசி போட்டால் வலிக்காது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சமையல் எனக்கு வராது, தையலும் வராது, கை மட்டும் லேசு. முப்பத்தோரு வருடமாக அங்கே சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். சாலையில் பனி கிடந்தால் அதுவும் இல்லை. மற்ற நாளெல்லாம் எதற்கெடுத்தாலும் வெதூரியாவைக் கூப்பிடு என்பார்கள்.

உங்கள் விசாரணைத் தாளில் நான்கு பெயர் இருப்பதைப் பார்த்தேன், மேடம். சரியாகத்தான் இருக்கிறது. மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. எதனால் என்று மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விடுங்கள்.

எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. அதில் இருபத்தாறு பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் எல்லாம் இத்தாலியில், ஸ்பெயினில். எங்கள் ஓல்ட்டேனியாப் பக்கம் எந்த மலையடி ஊருக்குப் போனாலும் இதே கதைதான். மிச்சமிருப்பது வயதானவர்கள், வீட்டுக்கு ஒருவர். ஒருவர் போய்விட்டார் என்று தெரியவே இரண்டு நாள் ஆகும். புகைபோக்கியில் புகையைக் காணோமே என்று யாராவது கவனித்தால்தான் உண்டு.

அப்படிப் போகிறவர்கள் கையில் மெழுகுவர்த்தி இல்லாமல் போகிறார்கள். நீங்கள் படித்தவர், ஆனாலும் உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். உயிர் பிரியும் நேரத்தில் யாராவது எரியும் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் முழுக்க இருட்டில்தான் நடை. எங்கள் ஊரில் சண்டை முற்றினால் 'மெழுகுவர்த்தி இல்லாமச் சாவே' என்று சபிப்பார்கள். அதற்குமேல் யாரும் போவதில்லை. என் அம்மா அப்படித்தான் போனாள். நூறு அடி தள்ளி நான் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மதியம் வந்து பார்த்தபோது அடுப்போரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கை சில்லிட்டிருந்தது. பதினேழு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அதற்குப் பிறகு ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். சாகிற நாள் முன்கூட்டியே தெரிந்தால் நல்லதா, வேண்டாமா? வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"தெரிஞ்சாத்தானேம்மா என் பையனை வரச் சொல்ல முடியும்" என்றாள் சவேத்தா அத்தை. "சும்மா வாடான்னா எப்படி வருவான்? லீவு கேக்கணும், டிக்கெட் எடுக்கணும். எந்தத் தேதின்னுதானே அவன் முதலாளி கேப்பான்."

பிளம் தோட்டத்துப் பாம்ஃபில் மாமா எதையும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார். "நல்லதுதான். முந்தின வாரமே விறகு வெட்டுறத நிறுத்திப்புடலாம். எவனோ குளிர்காய நான் ஏன் வெட்டணும்?"

சவேத்தா அத்தைக்கு நிஜமாகவே முடியாமல்தான் இருந்தது. இனிப் பிழைக்க வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் என்று நான் ஒரு தேதி சொன்னேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. மகன் இத்தாலியில் தூரினிலிருந்து வந்தான். செத்தபின் போடுகிற சாப்பாட்டை உயிரோடு இருக்கும்போதே தன் பேரில் ஊருக்குப் போடும் வழக்கம் எங்களிடம் உண்டு, அதையும் செய்தாள். கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி, சாராயம், வேகவைத்த கோதுமையில் சர்க்கரை போட்டது. மூன்று வாரம் அந்த வீட்டில் பேச்சும் சிரிப்பும்தான். எனக்கும் தினம் ஒரு தட்டு வைத்தார்கள். மற்றபடி நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள்.

பதினைந்தாம் தேதி வந்தது, அவள் போகவில்லை. பதினாறு, பதினேழு. மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடையில் எடை குறைத்துப் போட்டவளைப் பார்ப்பதுபோல. லீவு முடிந்து பதினெட்டாம் தேதி பஸ் ஏறிவிட்டான். இருபதாம் தேதி அதிகாலை அவள் தனியாகப் போனாள். காலையில் நான் போய்ப் பார்த்தபோது மெழுகுவர்த்தி அலமாரியில் அப்படியே இருந்தது, திரிகூடக் கருகவில்லை.

எனக்கு வந்த கோபம் என் மேல்தான். நாள் சொன்னவள் நான். சொன்னால் மட்டும் போதாது, சொன்ன தேதியைக் காப்பாற்றவும் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

பிறகு காப்பாற்றினேன். அடுத்த இரண்டு வருடத்தில் மூன்று பேர். என்ன மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் நிபுணர் எழுதியிருப்பார். மூன்று பேருக்கும் பிள்ளைகள் வந்தார்கள், மூன்று பேரும் ஊருக்குச் சாப்பாடு போட்டார்கள், மூன்று பேர் கையிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. மூவருக்கும் பெரிய வியாதி இருந்ததா என்று கேட்டால், எல்லாருக்கும் இல்லை. ஆனால் எழுபத்தைந்து தாண்டியவருக்கு வேறு வியாதி என்ன வேண்டும்? ஒருவர்கூடக் கஷ்டப்படவில்லை. என் கை லேசு என்று சொன்னேனே.

நாலாவது பாம்ஃபில் மாமா. அவருக்கு இதயம் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். மகள் வியோரிகா ஸ்பெயினுக்குப் போய் ஆறு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. பஸ் வரும் நேரத்துக்கு வாசல் கதவில் சாய்ந்துகொண்டு நிற்பார். யாரும் இறங்காவிட்டால் நாயைத் திட்டிவிட்டு உள்ளே போவார். பார்க்கச் சகிக்காது. அக்டோபரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, டிசம்பர் ஆறு, புனித நிக்கோலஸ் நாள் என்று சொன்னேன்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உறுதியா?"

"உறுதி மாமா."

"சரி. வியோரிகாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு. நான் சொன்னா அழுதுடுவேன்."

நவம்பரில் அவள் வந்து இறங்கினாள். சாப்பாடு போட்ட அன்று அந்த மனிதர் பண்ணிய அமர்க்களம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "என் பேர்ல போடுற சாப்பாட்டுல நானே ரெண்டாவது தடவ வாங்கித் திங்கிறேன். எந்தப் பொணத்துக்குய்யா கெடைக்கும் இந்தக் குடுப்பினை?" பாதிரியாரே சிரித்துவிட்டார். என்னை வியோரிகாவுக்கும் அவருக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன், மேடம். அதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் மகள் கைச் சாப்பாட்டில் அவர் உடம்பு தேறத் தொடங்கியது. நிமிர்ந்து நடந்தார். பிளம் மரத்துக் காய்ந்த கிளைகளை வெட்டினார். இந்த முறையும் கணக்குத் தப்பிவிடுமோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குப் பையோடு போனேன். வியோரிகா நாயைப் பக்கத்து ஊரில் ஒருவரிடம் விட்டுவரப் போயிருந்தாள். மாமா சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு, அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, உக்காரு. நீ சொன்ன நாள் வந்திருச்சு, நான் கல்லு மாதிரி இருக்கேன் பாத்தியா? தப்பு யாருக்கும் வர்றதுதான். எனக்கு ஒம்மேல கோவமே இல்ல. நீ அந்தப் பொய்யச் சொல்லாட்டி எம் பொண்ணு வந்திருப்பாளா?"

"பொய் இல்ல மாமா."

"சரி விடு, உண்மைன்னே வச்சுக்கோ. ஞாயித்துக்கிழம நானும் அவகூடக் கெளம்புறேன். ஸ்பெயின்ல எனக்கும் ஒரு ரூம் இருக்காம். பேரனப் பாக்கணும். வீட்டுச் சாவிய ஒங்கிட்டதான் குடுக்கப் போறேன், வேற யாரு இருக்கா?"

சாவியை மேசைமேல் எடுத்து வைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெருவில் இருபத்தேழாவது பூட்டு. அவர் என்னை நம்பித்தான் கொடுத்தார், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே போய் என்ன செய்வார் என்றும் யோசிக்க வேண்டும் இல்லையா? ஆறாவது மாடி. அங்கே வீட்டுக்குள் மெழுகுவர்த்தி கொளுத்தினால் புகை பட்டு மணி அடிக்குமாம், வியோரிகாவே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்ட இடத்தில் இவருக்கு யார் மெழுகுவர்த்தி பிடிப்பார்கள்? மகள் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவாள். நான் வேலைக்குப் போயிருந்தபோதுதானே என் அம்மா போனாள்.

"பயணத்துக்குத் தெம்பா ஒரு ஊசி போட்டுடறேன் மாமா" என்றேன்.

"போடு போடு. ஒன் கை ஊசிய அந்த ஊர்ல எவ போடுவா?" சட்டைக் கையைத் தானே மடித்து நீட்டினார்.

வலித்திருக்காது.

மேசையில் எரிந்த தீக்குச்சி மூன்று கிடந்ததே, ஒரு மெழுகுவர்த்திக்கு எதற்கு மூன்று என்று வியோரிகா கேட்டாளாம். அவள் கேட்டதால்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

மருந்து ஏறத் தொடங்கியதும் மெழுகுவர்த்தியை ஏற்றி அவர் விரல்களை அதன்மேல் மடக்கிப் பிடித்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், குனிந்து ஊதி அணைத்தார். "வேண்டாம்மா" என்றார். நான் மறுபடி ஏற்றினேன். மறுபடியும் ஊதினார், சுடர் கொஞ்சம் தள்ளாடித்தான் அணைந்தது. மூன்றாவது முறை ஏற்றியபோது அவர் ஊதவில்லை.

அதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.