காப்புக் கட்டிய மறுநாள் டேலி பரீட்சைக்குப் போனது பற்றி எழில்மதி சொன்னது

என் பெயர் எழில்மதி. வயது 21. தகப்பனார் தியாகராசன், தாயார் காசியம்மா. காரைக்கால்மேடு சுனாமிக் குடியிருப்பில் வசிக்கிறோம். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா ஏலத்தில் மீன் எடுத்து நெடுங்காடு பக்கம் கொண்டுபோய் விற்கிறார். நான் பி.காம். முடித்துவிட்டு, காரைக்கால் டவுனில் சிவபாலன் என்பவர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் டேலி என்னும் கம்ப்யூட்டர் கணக்குப் படிப்பு படித்து வருகிறேன். என்னைக் காணவில்லை என்றும், மேற்படி சிவபாலன் கடத்திக்கொண்டு போய்விட்டார் என்றும் அப்பா கொடுத்த புகாரின் பேரில் விசாரித்ததில் நான் சொல்வதாவது.

டேலியில் முதல் பாடமே ஒரு கம்பெனி உருவாக்குவதுதான். மற்றவர்கள் வாயில் வந்த பெயரைப் போட்டார்கள். நான் ‘காசியம்மா மீன் கம்பெனி’ என்று போட்டேன். அது விளையாட்டுக்குப் போட்டதல்ல. தலைச்சுமையை விட்டுவிட்டு, ஐஸ் பெட்டி போட்டுக் கேரளா லாரிக்குச் சரக்கு அனுப்ப வேண்டும் என்பது நானும் அம்மாவும் போட்ட திட்டம். பேங்கில் போய்க் கடன் கேட்டபோது மேனேஜர், "கணக்கை யாரு பாப்பாங்க?" என்றார். நான் பார்ப்பேன் என்றேன். "சர்டிபிகேட் இருக்கா?" என்றார். அதன் பிறகுதான் சென்டரில் சேர்ந்தேன்.

பரீட்சை புதுச்சேரியில். வெள்ளிக்கிழமை எழுத்துத் தேர்வு, திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் செய்முறை. புதன்கிழமை எங்கள் ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. அப்பா இந்த வருடம் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு, தன் கையிலும் காப்புக் கட்டியிருந்தார். அவரிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். ஆகையால் அம்மா, "நீ போ, அப்பாவ நான் பாத்துக்குறேன்" என்று சொல்லி வியாழக்கிழமை காலையில் பஸ் ஏற்றிவிட்டார்.

அதன் பிறகு அம்மா, மேலத்தெருவில் சித்தி அஞ்சுகத்துக்குக் காய்ச்சல், நான் துணைக்குப் படுக்கப் போயிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். திருவிழா நாளில் அந்தப் பொய் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசிக்கவில்லை. அன்று சாயங்காலமே சித்தி பட்டுப்புடவையும் மாவிளக்குத் தட்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்து, "கோயிலுக்கு எழிலு கெளம்பிட்டாளா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா உண்மையைச் சொன்ன பிறகும் அப்பா நம்பவில்லை. நானும் சிவபாலன் சாரும் ஒரே பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக யாரோ சொல்லவும், நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

சார் அதே பஸ்ஸில் வந்தது நிஜம். எங்களைப் பரீட்சைக்கு அழைத்துப்போவது அவர் பொறுப்பு. உடன் படிக்கும் நந்தினியும் வந்தாள். நாங்கள் இருவரும் பெண்கள் விடுதியில் தங்கினோம். பற்று வரவை மாற்றிப் போட்டால் சார் வகுப்பில் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார். அந்தக் கோபத்தைத் தவிர அவர்மேல் எனக்கு வேறு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஊர் திரும்பிய அவரைப் போலீசார் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துவிட்டதாக அவர் மனைவி விடுதிக்குப் போன் செய்தார். அதன் பிறகு இன்று சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே கிளம்பி வந்தேன். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஸ்டேஷன் வராந்தாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். வியாழன் ராத்திரியிலிருந்து வீட்டுக்கே போகவில்லை என்று ஏட்டு சொன்னார். டவுன் எங்கள் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது. இனி இந்த வருடம் அவர் தீ மிதிக்க முடியாது. வரும்போது அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன், பார்த்ததும் அழுதுவிட்டேன். "நெசமாவே பரீட்சதானாம்மா?" என்று கேட்டார். ஹால் டிக்கெட்டைக் கொடுத்தேன்.

யாருடன் போக விரும்புகிறாய் என்று உதவி ஆய்வாளர் திரிபுரசுந்தரி அவர்கள் கேட்டார். நான் மேஜர். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு இருப்பதால், நாளை புதுச்சேரி பஸ்ஸில் போக விரும்புகிறேன். மறுபடி காணோம் என்று புகார் வராமல் இருக்க அப்பாவும் கூட வரட்டும் என்றேன். அப்பா, "டிக்கெட்ட நான் எடுக்குறேன்" என்றார். அதையும் இதில் எழுதச் சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். ‘மீட்டு வரப்பட்ட’ என்று இருந்ததை ‘தானாக வந்த’ என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். இப்போது எல்லாம் உண்மையாக இருக்கிறது.

(ஒப்பம்)
தி. எழில்மதி