வக்கீல் வந்த பிறகு

…அதைத்தாண்ணே நானும் கேக்குறேன்! பேசாம இருக்கிறதுக்கு ஒருத்தனுக்கு உரிமை குடுத்திருக்காங்களாம் சட்டத்துல. உரிமையாம்! கல்யாணமான நாள்லேருந்து என் வீட்டுல எனக்கு அந்த ஒரு உரிமைதானே இருக்கு? அதையே போலீஸ் ஸ்டேஷன்லயும் குடுத்தா நான் எங்க போய்த்தான் பேசுறது, சொல்லுங்க?… சரி, நீங்க சொல்ல மாட்டீங்க. காலையிலேருந்து பாத்துட்டுதானே இருக்கேன். இன்ஸ்பெக்டர் மூணு தடவ கேட்டாரு, பேரைக்கூடச் சொல்லலயே நீங்க! விலங்கை மாட்டி இந்த பெஞ்சோட பூட்டிட்டுப் போனாங்க, அப்பவும் ஒரு முனகல் இல்ல. பெரிய ஆளுண்ணே நீங்க.

எனக்கு ஏன் விலங்கு இல்லன்னு பாக்குறீங்களா? பூட்டு ரிப்பேர்காரனுக்கு விலங்கு மாட்டி என்னய்யா பிரயோஜனம்னு இன்ஸ்பெக்டரே சிரிச்சுட்டாரு. நல்ல மனுஷன். அவர் சிரிக்கும்போது நாம உம்முனு இருந்தா நல்லாவா இருக்கும்? ஆனா வக்கீலம்மா உத்தரவு. என் வீட்டுக்காரியோட பள்ளிக்கூடத் தோழி அவங்க. போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க… "அண்ணே, பேரு, விலாசம் கேட்டா சொல்லுங்க. வேற எது கேட்டாலும் ‘வக்கீல் வந்த பிறகு’ன்னு மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு எதிரா உங்களையே பேசச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நான் பதினொரு மணிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காம இருந்தா மத்தியானச் சாப்பாடு வீட்டுல. திறந்தீங்க, லைசென்ஸ் போச்சு, கடை போச்சு!" அப்படின்னாங்க. இருபத்திரெண்டு வருஷத்துக் கடைண்ணே! மூணே மூணு வார்த்தை, அதைச் சொல்ல முடியாதா நமக்கு? சின்னக் குழந்தை சொல்லிடும்.

புகார் குடுத்தது யாருங்கிறீங்க? வேற யாரு, என் மச்சான்தான்! வீட்டுக்காரியோட கூடப் பொறந்தவன். சுவத்துல ஒரே ஒரு ஓட்டை போடணும்னு என் டிரில்லிங் மிஷினை வாங்கிட்டுப் போனான். ஒரு ஓட்டை! மூணு வருஷமாவா போடுவான் ஒருத்தன்? கேட்டா நாளைக்கு மாமா, நாளைக்கு மாமா… இப்ப என்னடான்னா, அவன் வீட்டுப் பின்கட்டு அறையிலேருந்து மிஷினைக் காணோமாம். பூட்டு உடையலயாம். அதோட விட்டானா? ஆறு வருஷமா முக்கிக்கிட்டிருந்த பூட்டு இப்ப ஒரே சுத்துல திறக்குதாம்! எண்ணெய் வேற விட்டிருக்காம்! அதையும் புகார்ல எழுதிக் குடுத்திருக்கான். இன்ஸ்பெக்டர் அதைச் சத்தமாப் படிச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க…

நீங்களே சொல்லுங்கண்ணே. உள்ள துரு அப்படியே பிடிச்சிருக்கு. சாவியைப் போட்டா ஒரு அழுகை அழுவுது. ஒரு பூட்டை அந்த நிலைமையில விட்டுட்டு வர எப்படி மனசு வரும்? மிஷினைக் கக்கத்துல வச்சுக்கிட்டே கால் மணி நேரம் உக்காந்து துடைச்சு, எண்ணெய் விட்டு, நாலு தடவ திறந்து மூடிப் பாத்துட்டுதான் வந்தேன்… வந்தேன்னா… சொல்லிட்டேனா? அடச்சே! சரி விடுங்க, உங்ககிட்டதானே சொன்னேன். நீங்கதான் பெத்த தாய்கிட்டகூடப் பேச மாட்டீங்க போலிருக்கே! மிஷின் அரிசி டிரம்முக்குள்ள இருக்குங்கிறதும் நமக்குள்ளயே இருக்கட்டும்.

என் வீட்டுக்காரி அன்னிக்கே தலையில அடிச்சுக்கிட்டா. "போனோமா, நம்ம பொருளை எடுத்தோமா, வந்தோமான்னு இல்லாம, பூட்டுக்கு வைத்தியம் பாத்துட்டா வருவீங்க?"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்… அண்ணே, கொஞ்சம் கையை ஆட்டாம இருங்களேன். கிறீச் கிறீச்னு அந்த விலங்கு… அய்யய்யோ, என்னால தாங்க முடியல. காட்டுங்க பாப்போம். அட, மணிக்கட்டு எப்படிச் சிவந்து போயிருக்கு! விலங்காண்ணே இது? எத்தனை வருஷமா ஒருத்தனும் கவனிக்கல. சர்க்கார் சாமான்னா எல்லாருக்கும் இளக்காரம்.

இருங்க, இந்த ஃபைல்ல ஒரு ஜெம் கிளிப் இருக்கு. காவலுக்கு இருந்தவரு டீ குடிக்கப் போயிருக்காரு, ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணி மாட்டி விட்டுடறேன். பயப்படாதீங்க, வலிக்காது… ம்… ம்… ஆங்! வந்துடுச்சா? கையை நல்லா உதறி விட்டுக்கோங்க. பெஞ்சுப் பக்கமும் கழட்டிக்கிறேன். எண்ணெய்க்கு எங்க போறது?… ஏன், என் தலையில இல்லாத எண்ணெயா! இப்படி வழிச்சு, இப்படித் தடவி… கொஞ்சம் வெளிச்சம் வேணும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கீலுலதான் அழுக்கு அடைச்சிருக்கு… ஊதி விட்டா… இப்ப கேளுங்க. திறக்கிறேன், மூடுறேன். திறக்கிறேன், மூடுறேன். சத்தம் கேக்குதா? கேக்காது! நம்ம கை அப்படி! என்னண்ணே, ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?

அண்ணே?…

தண்ணி குடிக்கப் போயிருப்பாரு. செருப்பைக் காணோமே? கையில எடுத்துட்டுல்ல போயிருக்காரு! ஒரு சின்னச் சத்தம்கூட வரலயே… என்ன ஒரு அமைதியான மனுஷன்!

வாங்கய்யா! டீ ஆச்சா? மணி பதினொண்ணு ஆக இன்னும் எவ்வளவு நேரம்?… யாரு, இங்க உக்காந்திருந்தவரா? இப்பத்தான் இங்க… விலங்கா? அது… அதைக் கீழ வச்சுடுங்கய்யா. திறந்து திறந்து மூடிப் பாக்காதீங்க… ஆமா, ஒரே சுத்துலதான் திறக்குது… எதுக்குய்யா அதை மோந்து பாக்குறீங்க? எதுக்கு இன்ஸ்பெக்டரைக் கூப்புடுறீங்க?… அய்யா, ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையை எதுக்குய்யா மோந்து பாக்குறீங்க!…

வக்கீல் வந்த பிறகு!