முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கைதட்டல்

மேடையிலிருக்கும் தலைவர் அவர்களே, லிஃப்ட் ஐயாவின் துணைவியாரான எங்கள் அக்கா அவர்களே, இத்தனை காலம் குரலால் மட்டுமே பழகி இன்று முகம் பார்க்கும் வாசிப்புக் குழுத் தோழர்களே, வணக்கம்.

மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. பல் மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்து டோக்கன் எண் கூப்பிடுகிறவள் நான். குழுவில் என் வேலை, மற்றவர்கள் வாசித்து அனுப்புவதைக் கேட்டுப் பிழை சொல்வது. பதினோரு ஆண்டுகளாக லிஃப்ட் ஐயாவிடம் குற்றம் மட்டுமே கண்டுபிடித்தவளை, அவரைப் புகழ்ந்து பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள்!

முப்பது ஆண்டுகள் லிஃப்ட் பழுதுபார்த்தவர். அதனால்தான் அந்தப் பெயர். ஓய்வுக்குப் பிறகு, பார்வை போன மைத்துனருக்குத் தினமும் போனில் புத்தகம் வாசித்தார். "ஒருத்தருக்கு வாசிக்கிற அதே நேரந்தானே, எல்லாருக்கும் வாசிச்சா என்ன?" என்று கேட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களை வாசித்துப் பதிவுசெய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கும்படி இணையத்தில் ஏற்றுகிறவர்கள் நாங்கள். லிஃப்ட் ஐயா எத்தனை நூல் வாசித்தார்? இருபத்தேழு! சம்பளம் உண்டா? கிடையாது. விருது? அதுவும் கிடையாது. என்னுடைய பிழைப் பட்டியல் மட்டும் தவறாமல் கிடைத்தது.

அவருடைய ஒலிப்பதிவுக் கூடம் எது தெரியுமா? படுக்கையறைத் துணி அலமாரி! தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். "பெட்டிக்குள்ள மாட்டினவங்களை வெளிய எடுத்தே காலம் போச்சு. இப்ப நானே உள்ள போய் உக்காந்திருக்கேன்" என்பார். மின்விசிறியை நிறுத்தி, வாசலுக்கு வருகிறவர்களைக் கைகாட்டித் தடுத்து, அலமாரிக் கதவுக்கு வெளியே அக்கா காவல் இருப்பார்.

முதல் நூலுக்காக அனுப்பிய முதல் நான்கு அத்தியாயங்களிலும் அவருடைய கைக்கடிகாரம் டிக் டிக் என்று கூடவே வாசித்தது. "ஐயா, இந்தக் கதையில் கடிகாரமே வரவில்லையே?" என்று எழுதினேன். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் நான்கு அத்தியாயமும் புதிதாக வந்து சேர்ந்தன. அடுத்து, கஞ்சி போட்ட சட்டையின் சரசரப்பு. அதையும் சொன்னேன். அன்றிலிருந்து பனியனோடுதான் வாசிப்பு. வீடியோவில் கூடலாம் என்றால் மனிதர் ஏன் நழுவுகிறார் என்று அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். 'ஒரு நூலுக்கு ஒரே குரல். பாதியில் நின்றால் அது வெளிவராது' என்ற விதியைக் கொண்டுவந்தவர் அவர்தான். நம் தையல் டீச்சர், அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், இருபத்தோரு அத்தியாயம் வாசித்திருந்தார். இன்னும் மூன்றே மூன்று! தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. எவ்வளவோ கெஞ்சினேன். லிஃப்ட் ஐயா அசையவில்லை. அத்தனையும் கிடப்பில் போடப்பட்டது. ஒரு மாதம் பிழைப் பட்டியல் தவிர அவருக்கு நான் ஒரு சொல்லும் எழுதவில்லை.

இப்போது அவருடைய இருபத்தெட்டாவது நூல். மொத்தம் முப்பத்தெட்டு அத்தியாயம். முப்பத்திரண்டாவது பாதியில் நிற்க, அவர் போய்விட்டார். அவர் போட்ட விதிப்படி அவர் குரலையே நாம் தூக்கிப்போட வேண்டும். அதைச் செய்ய நம்மில் யாருக்கு மனம் வரும்? டீச்சருக்கு ஒரு நியாயம், ஐயாவுக்கு ஒரு நியாயமா? ஒரு வாரம் விவாதித்தோம். முடிவு கட்டியவர் அக்கா.

"அவர் போட்ட ரூல் அவரோட போகட்டும்மா. மிச்சத்தை நான் வாசிக்கிறேன். ஆனா முதல்ல டீச்சரோடதை முடிச்சு வெளிய விடுங்க. அப்புறந்தான் இவரோடது."

அப்படியே செய்கிறோம். டீச்சரின் மூன்று அத்தியாயங்களையும் நான் வாசிக்கிறேன். பிழை கண்டுபிடிக்கும் வேலையை டீச்சர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். வேண்டிய மட்டும் பழிதீர்த்துக்கொள்ளட்டும்!

கடைசியாக ஒன்று. வாசிப்பில் தவறினால் ஒருமுறை கைதட்ட வேண்டும். இரண்டு நொடி மௌனம். பிறகு அதே வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பிறகு பதிவிலிருந்து தவறை வெட்டியெடுக்கும்போது இடம் தெரிவதற்காக நாங்கள் வைத்திருக்கும் முறை இது. ஐயா அனுப்பிய கடைசிப் பதிவைக் கேட்டேன். ஒரு வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்குகிறது. நிறுத்துகிறார். கைதட்டுகிறார். அதோடு பதிவு முடிந்துவிடுகிறது. எத்தனையோ பிழைகளைக் குறித்த எனக்கு அந்த இடத்தைக் குறிக்கக் கை வரவில்லை. அழுதேன்.

அந்த வாக்கியம் இன்னும் திருத்தப்படாமல் இருக்கிறது. அக்கா புத்தகத்தை எடுத்து வந்திருக்கிறார். மற்றதெல்லாம் முறைப்படி பிறகு நடக்கும்; அந்த ஒரு வாக்கியம் மட்டும் இப்போதே.

இரங்கல் கூட்டத்தில் யாரும் கைதட்டுவதில்லை. இன்று எல்லோரும் ஒரே ஒருமுறை தட்டுங்கள். இரண்டு நொடி மௌனமாக இருப்போம்.

அக்கா, வாசியுங்கள்.