பனிக்குள் எடுத்த கல்யாணப் படம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை; பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மலையகத்துத் தெரணியகலை பஸ்ஸில் முன் சீட்டில் கேமராப் பையோடு இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால எங்க அத்தைய குந்த வச்சுட்டேன்டி."

"எதுக்குடி?"

"தேயிலைக்குள்ள ஒரே பனி. கேமரா மேல ஃபிளாஷ் அடிச்சா படமெல்லாம் வெள்ளையாப் போகுது. படம் கெட்டா ஸ்டுடியோவுக்கு வேலைக்கே வராதேன்னு முதலாளி சொல்லிட்டாரு. அதான் வயர் இல்லாத ஃபிளாஷ அத்தை கையில குடுத்தேன்."

"அசையாம இருந்தாங்களா?"

"அட்டை கடிச்சும் அசையலயே! பின்னாலேர்ந்து அடிச்சதும் பனியே விளக்கேத்துன மாதிரி ஆயிருச்சு. இந்தா பாரு."

"அடியே! இவ்வளவு அழகா! முதலாளி பாத்தாரா?"

"இப்பதான் கொண்டு போறேன். பாக்கட்டும்!"

மறுநாள் டவுன் ஸ்டுடியோவின் முன்கண்ணாடியில் அந்தப் படம் பெரிதாக மாட்டியிருந்தது.